எர்மினியாவுக்கு வைத்த பாட்டில்

ஃபிரெஸ்னோ, கலிஃபோர்னியா,
அக்டோபர் 9

அன்புத் தம்பி எவரிஸ்தோவுக்கு,

உன் அக்கா ஒப்துலியா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் போனை வைத்தாய். அதற்குப் பிறகு பதினோரு தடவை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற திரினி சனிக்கிழமை மெக்சிகோ பஸ் ஏறி நம் ஊர் சகாப்புவுக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே. படிக்கச் சோம்பலாக இருந்தால் சோய்லாவிடம் கொடு. உன் பெண்டாட்டிக்கு உன்னைவிடப் பொறுமை அதிகம்.

இங்கே பீச் பழ சீசன் முடிந்து மாதுளை வந்துவிட்டது. பழங்களைத் தரம் பிரிக்கிற பெல்ட் முன்னால்தான் இப்போதும் வேலை. ஆனால் உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். நின்று வேலை செய்ய உடம்பில் தெம்பு இல்லை. ஏப்ரலிலிருந்தே இப்படித்தான், போன ஞாயிறு வரை உன்னிடம் சொல்லவில்லை. முதலில் மூட்டு வலி, பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனால் கண்ணாடிக்குள் நம் எர்மினியா நிற்கிறாள். பொய் சொல்லவில்லை. நீ அனுப்பிய கடைசிப் போட்டோவில் இருந்த அதே மஞ்சள் கண், அதே ஒட்டிய கன்னம். என் தங்கச்சி செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடக்கத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லை. அவள் என் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். கத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று தடவை கேட்டார், குடிப்பீர்களா என்று. நம் பாஷையில் எடுத்துச் சொல்ல வந்த பெண்ணும், "வெட்கப்படாம சொல்லுங்கம்மா, நம்ம ஆளுங்கதானே" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "கல்யாணத்துல வாழ்த்துச் சொல்ல ஒரு வாய் வெச்சதோட சரி, போய் என் ரத்தத்தைக் கேளு" என்றேன். ரத்தம் எடுத்தார்கள். ஈரலில் ஊசி விட்டு ஒரு துணுக்கும் எடுத்தார்கள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கிருமியை அடிக்க நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறதாம். அது எனக்குள் ஆள் தெரியாமல் என் ஈரலையே அடித்துக்கொண்டிருக்கிறது. இதற்குக் குடியே வேண்டாம். நம் ஆட்களில் பலர் ஈரல் பாதி சுருங்கிய பிறகுதான் அவரிடம் வருகிறார்களாம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியும், குடிகாரர் என்று பேர் வந்துவிடுமே என்ற வெட்கம்தான்.

அடுத்த முறை போனபோது எர்மினியாவைப் பற்றிச் சொன்னேன். தள்ளாடி நடந்தது, நாக்கு குழறியது, பகலெல்லாம் தூங்கியது, கை நடுங்கித் தட்டைப் போட்டு உடைத்தது, மூச்சில் அடித்த அந்த இனிப்பு வாடை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈரல் வேலை செய்யாமல் போனால் கழிவெல்லாம் மூளைக்கு ஏறிவிடுமாம். அப்போது குடிகாரர்கள் மாதிரியேதான் இருப்பார்களாம், மூச்சிலும் அந்த வாடை வருமாம். பார்க்காத ஆளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவள் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார்.

எவரிஸ்தோ, நீ வீடு முழுக்கப் பாட்டில் தேடினாயே, நினைவிருக்கிறதா? கோழிக்கூண்டில், சோள மாவுப் பானையில், மெத்தைக்கு அடியில். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததையே நாம் சாட்சியாக்கிக்கொண்டோம். "பாத்தியா அக்கா, எவ்ளோ கைகாரி, எங்க ஒளிச்சு வெக்கிறாள்னே தெரியல" என்று நீ சொன்னாய். நானும் இங்கிருந்து ஆமாம் போட்டேன்.

சாவதற்கு ஒன்பது நாள் முன்னால் அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா... இன்னிக்கு என்ன கிழமை? நயெலி ஸ்கூல் போயிட்டாளா?" என்று குழறினாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவள் மகளுக்கு ஸ்கூலே இல்லை. நான், "குடிச்சிட்டு எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவள் படத்துக்கு முன்னால் நீ கரும்புச் சாராயப் பாட்டிலை வைத்தாய். "செத்தவங்களுக்குப் புடிச்சதைத்தானே வெக்கணும்" என்றாய். வந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும் இங்கே ஒன்று வாங்கி வைத்தேன். போன வருஷம் வரை வைத்தேன். வருஷத்துக்கு ஒரு நாள் அவ்வளவு தூரம் நடந்து, தாகத்தோடு வருகிறவளுக்கு, எதைச் சொல்லி அவளைத் திட்டினோமோ அதையே எடுத்து நீட்டியிருக்கிறோம். இப்போது வேலையிடத்தில் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறாள். உதடு காய்ந்திருக்கிறது. ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

நயெலிக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று நீ சொன்னதுமே எனக்கு என் ஈரல்தான் நினைவுக்கு வந்தது. நீயோ, "ஆத்தா ரத்தம்ல, ஆரம்பிச்சிட்டா" என்கிறாய். பத்தொன்பது வயசுப் பெண்ணை அறையில் வைத்துப் பூட்டுகிறாய். இது ஒரு வியாதி, குடும்பத்தில் இன்னொருவருக்கும் வரலாம் என்று சொன்னால், "உன் குடிக்கும் சேத்து ஒரு வியாதிப் பேரு கண்டுபிடிச்சிட்டியா அக்கா?" என்று போனை வைக்கிறாய். தம்பி, என்னைக் குடிகாரி என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. அவளுக்குக் கதவைத் திற.

சந்தையில் வாங்கிய கசப்புத் தழையைக் காய்ச்சிக் கொடுப்பதைச் சோய்லா இன்றே நிறுத்தட்டும். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறாள். ஆனால் ஈரலைக் கழுவுகிறது என்று நம் ஜனங்கள் குடிக்கிற அந்தத் தழையே ஈரலைக் கெடுக்கும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நயெலியை மொரேலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. என் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு இந்த வியாதி, அம்மாவுக்கும் இருந்திருக்கலாம் என்று அங்கே சொல். இதுவாகத்தான் இருந்தால் மாத்திரை இருக்கிறது.

மாத்திரை சாப்பிட்டால் முகம் ரொட்டி மாதிரி உப்பும். அவள் அழுவாள், நிறுத்த விடாதே. "ஒப்துலியா, எங்களுக்குத் தெரியாம எத்தனை தமாலே கொழுக்கட்டை தின்ன?" என்று இங்கே எல்லோரும் கிண்டல் செய்தார்கள். என் மகள் கல்யாணப் போட்டோவில் அழகாக இருக்க வேண்டும் என்று மூன்று வாரம் நானாக நிறுத்தினேன். கிழவிக்கு ஆசையைப் பார். கல்யாணத்தன்று மறுபடியும் மஞ்சள் கண்ணோடு நின்றேன். கண்ணாடிக்குள் மறுபடியும் அவள்.

கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இந்த வருஷம் அந்தப் பாட்டில் வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீர், பட்டை போட்ட காப்பி, நாலு கொய்யாப்பழம் வை. பொறுக்கிப் பொறுக்கிப் பழுத்ததாகத் தின்பாளே, அந்த மாதிரி. நயெலி தன் கையால் வைக்கட்டும். வைக்கும்போது, "உங்கம்மா குடிக்கலடி" என்று அவளிடம் சொல். நீ சொல்ல வேண்டும், உன் வாயால், எல்லோர் முன்னாலும்.

திரினி வந்து சேரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடுவேன். அன்று ஒருத்தி கூப்பிட்டபோது நான் வைத்துவிட்டேன். அவள் அந்த முனையில் இன்னும் என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ எடுத்துவிடு தம்பி.

உன் வீட்டுப் படையலில் இன்னொரு படம் ஏறாமல் கன்னி மாதா காக்கட்டும்.

உன் அக்கா,
ஒப்துலியா