படகை லாரியில் ஏற்றவில்லை

சேவூர், ஆரணி.
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அன்பரசு அவர்களுக்கு,

ஹேமலதா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்கள் நலமாக இருப்பதை நீங்கள் போடும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன், அதனால் நலம் விசாரிக்கவில்லை. கட்டிய புருஷனுக்குப் பேர் எழுதிக் கடிதம் போடுகிறாளே என்று கோபப்பட வேண்டாம். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் மட்டும் வருகிறது. தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மெசேஜ் கிடைத்தது. கேரளாவில் அந்த வர்க்கலா கடற்கரையிலேயே சொந்தமாகத் தொழில் ஆரம்பிக்கப் போகிறீர்களாம், அந்த பிளாஸ்டிக் கயாக் படகை பார்சல் லாரியில் போட்டு அனுப்ப வேண்டுமாம். அடிப்பாகம் உரசாமல் பழைய மெத்தை வைத்துக் கட்ட வேண்டும், முனைக்குத் துணி சுற்ற வேண்டும், லாரி ஷெட் ஆட்கள் தரையில் இழுக்காமல் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுத விரல் வரவில்லை.

ஒரே ஒரு சீசன், வேலையைக் கற்றுக்கொண்டு வந்து நம் ஏரியில் படகு விடுவேன் என்று சொல்லித்தான் போனீர்கள். மாமா அதை அப்படியே நம்பினார். படகை வைக்க இடமில்லை என்று உங்கள் தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றினார். தெருவில் போகிறவர்கள், "இன்னா பரசுராமா, வூட்லயே கப்பல் வெச்சிகினு கீற, எப்ப ஓட்டப் போற?" என்று கிண்டல் செய்தால் அவருக்குக் கோபம் வராது. "என் புள்ள வரட்டும், உன்ன தான் மொதல்ல ஏத்துவான்" என்பார்.

நீங்கள் சொன்னதில் எதையும் நாங்கள் விடவில்லை. வெயில் பட்டால் பிளாஸ்டிக் வெளிறி நொறுங்கும் என்றீர்கள், வாசல் பக்கமே கொண்டுபோகவில்லை. தரையில் இழுத்தால் அடி தேயும் என்றீர்கள், கழுவுவதற்குக்கூட ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவோம். அதில் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தறியில் உட்கார முடியாமல் கிடந்தார். போவதற்கு முன்னால் நீங்கள் ஏரிக்கரைக் கல்லில் இழுத்துத் தேய்த்த இடம் பிசிறு பிசிறாக நின்றதே, அதைப் புடவையில் பிசிறு வெட்டும் கத்தரியால் அவரே உட்கார்ந்து வெட்டி எடுத்தார். பட்டுக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டி நான் பார்த்ததில்லை.

முதல் கோடையில் படகு வளைந்துபோனதற்கு என்னைத் திட்டினீர்கள். அறிவு கெட்டவளே என்றீர்கள். நான்தான் அப்படிக் கட்டினேன் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். கட்டியது மாமா. தரையில் இருந்தால் எலி கடிக்கும் என்று பயந்து, இரண்டு முனையிலும் கயிறு போட்டு, தூணுக்குத் தூண் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற மாதிரி விறைப்பாகத் தொங்கவிட்டார். ஆயுசு முழுக்க நெய்தவருக்கு, இழுத்துக் கட்டினால் எதுவும் தொய்யாது என்றுதான் தெரியும். சித்திரை வெயிலில் மேலே கூரை ஷீட் கொதித்ததில் படகு நடுவில் தொய்ந்துவிட்டது. அதைப் பார்த்து ஆடிப்போனார். "புள்ள பொருளக் கெடுத்துட்டனேம்மா, வந்து கேட்டா இன்னா சொல்லுவேன்" என்று புலம்பினார். "நீங்க பேஜாராவாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கவிழ்த்துப் போட்டு, வெந்நீரை ஊற்றி ஊற்றி, மேலே அம்மிக்கல்லை வைத்து அமுக்கி நிமிர்த்தினேன். கையெல்லாம் கொப்புளம். அதற்குப் பிறகு நூல் புடவைகளை அகலமாக மடித்துத் தூளி கட்டி அதில் படுக்க வைத்தேன். கல்யாணமாகி வந்து இந்த வீட்டில் நான் கட்டிய தூளி அது ஒன்றுதான்.

நேற்று பக்கத்து வீட்டு காவ்யா உங்கள் புது வீடியோவைக் காட்டினாள். படகு தேயாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறீர்கள். இழுக்காதீங்க, ரெண்டு பேராத் தூக்குங்க என்று சொல்லிக்கொண்டே தூக்கிக் காட்டுகிறீர்கள். மறுமுனையைப் பிடித்திருப்பவள் ஒரு பெண். "பாத்துப் புடி, கை வலிக்கப் போவுது" என்று அவளிடம் சொல்கிறீர்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என்னிடம் பேசிய குரல் அது. காவ்யா சட்டென்று போனை அணைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்டாள். அந்தப் பெண் யார் என்று நான் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வயிறு எரிகிறது, அதை மறைக்கவும் இல்லை.

மாமாவுக்கு எதுவும் தெரியாது. இந்த மழையில் ஏரி நிரம்பிவிட்டது. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். "தண்ணி கரை தட்டிகினு நிக்குதும்மா, அவன ஜல்தி வரச் சொல்லு" என்கிறார். சொல்கிறேன் மாமா என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.

ஆகவே படகை லாரியில் ஏற்றவில்லை. ஏற்றவும் மாட்டேன். அதன் மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனால் அது வாசலைத் தாண்டினால் எங்கே போகிறது என்று மாமா கேட்பார். இத்தனை நாள் உங்களைக் காப்பாற்ற அவரிடமும், அவரைக் காப்பாற்ற உங்களிடமும் பொய் சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளை இனி வரமாட்டார் என்பதை மட்டும் என் வாயால் சொல்ல முடியாது. நீங்களே வாருங்கள். படகை எடுத்துக்கொண்டு போங்கள், தடுக்க மாட்டேன். என்னிடம் காரணமும் சொல்ல வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்து இறங்கியதுமே சொல்லிவிடாதீர்கள். உங்களைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடட்டும். இலை போட்டு உங்கள் இரண்டு பேருக்கும் நானே பரிமாறுகிறேன். அவர் கை கழுவிவிட்டு வந்த பிறகு சொல்லுங்கள்.

தண்ணீராவது உங்களுக்குத் துரோகம் செய்யாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பரசுராமன் மருமகள்
ஹேமலதா