எங்கே மூடினேன்

ஜூன் 1, திங்கள்

காலையிலேயே புழுக்கம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள் வேலை. பூன் லே ஸ்டேஷனில் கம்பெனி பஸ், ஜூரோங் கப்பல் யார்டு, அதே மேசை. ஒரு மாதத்தில் என் நாற்காலியை யாரோ மாற்றிவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே, குப்பைத்தொட்டி உட்பட.

இந்த மாதப் பட்டியல் ஆரம்பம். வழக்கம்போலப் படித்தது, பார்த்தது, கேட்டது. எதை எங்கே மூடினேன் என்பதும்.

முதலில் ஒரு புது நாவல். மழையில் தொடக்கம். நான்கு பக்கம் மழை. ஐந்தாம் பக்கத்தில் ஒருவன் குடையை விரிக்கிறான். விரித்தவன் யாரென்று ஒன்பதாம் பக்கம் வரை தகவல் இல்லை. மூடியது: பக்கம் 11.

செய்ய வேண்டியவை: பிசியோவுக்கு போன். தோசை மாவு. நூலகம் போய் நான் எழுதிய நாவலை இரவல் எடுப்பது.

கடைசி வேலை இந்த நோட்டுக்கு மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் இவருக்குப் பாதி தெரியும். யாரும் எடுக்காத புத்தகத்தை நூலகத்தில் கழித்துவிடுவார்கள். எத்தனை நாள் எடுக்காவிட்டால் என்று எவரும் சொல்வதில்லை. அதனால் மாதம் ஒரு முறை நானே எடுக்கிறேன். ஒரு மாதம் என் கார்டு, ஒரு மாதம் இவருடையது, ஒரு மாதம் மகள் ப்ரியாவுடையது. பன்னிரண்டு வருடமாக. மே மாதம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்ததில் விட்டுப்போயிற்று. இவரைப் போகச் சொன்னேன். மறந்துவிட்டார். போதாக்குறைக்கு ஜூலையில் தமிழ்ப் பகுதியில் ஒரு தட்டைக் குறைக்கப் போகிறார்களாம்.

ஜூன் 3, புதன்

வேலை முடிந்து நூலகம். என் இடம் காலி.

கழித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், முழங்காலையும் மறந்து. பிறகு கணினியில் தட்டிப் பார்த்தால், வெளியே போயிருக்கிறதாம். திரும்ப வேண்டிய நாள் ஜூன் 17.

யாரோ எடுத்திருக்கிறார்கள்! என் வீட்டுக் கார்டு இல்லை. வேறு ஒரு மனித ஜென்மம்.

என் இடைவெளியில் பக்கத்துப் புத்தகம் சாய்ந்து கிடந்தது. ஜமால் பாயின் நாவல். அவர் ஜமால், நான் ஜானகி, அகரவரிசை செய்த பாவம். தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாவலிலும் மூக்குக்கண்ணாடிக் கடைதான். எட்டு வருடம் முன்பு அதன் வெளியீட்டு விழா மேடையிலேயே சொன்னேன், "இது நாவலில்லை, கடை விளம்பரம்." நல்ல கைத்தட்டல். தொடவில்லை, சாய்ந்தே கிடக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாராச்சும் தெரியாம எடுத்திருப்பாங்க லா."

இந்த மனிதரோடு முப்பது வருடம்.

ஜூன் 6, சனி

ப்ரியா சொன்னாளே என்று எட்டுப் பாகத் தொடர். ஆகாயத்திலிருந்து ஒரு கார் போவதைக் காட்டுகிறார்கள். கார் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. கதாநாயகி அழுகிறாள், கண்மை அசையவில்லை. மூடியது: இரண்டாம் பாகம், மூன்றாவது அழுகை.

பார்க்கும்போதெல்லாம் வேறு நினைப்பு. என் வாசகர் இப்போது எந்தப் பக்கத்தில்? கப்பல் பட்டறைத் தீ விபத்து வந்திருக்குமா? கதை நடக்கும் செம்பவாங்கில் வளர்ந்தவராக இருப்பாரோ? அப்படியென்றால் அழுவார்.

ஜூன் 10, புதன்

இடி, பேய் மழை. ரயிலில் பாட்காஸ்ட் கேட்டேன். இரண்டு பையன்கள் இலக்கியம் பேசுகிறார்களாம். முதல் பத்து நிமிடம் ஒருவர் சொன்ன ஜோக்குக்கு மற்றவர் சிரிப்பு. "பிரதர், சொல்லுங்க பிரதர்." அவர் கடைசிவரை சொல்லவில்லை. மூடியது: 14 நிமிடம், கிளமெண்டி ஸ்டேஷன்.

எதிர் இருக்கையில் ஒரு பெண் போனில்: "அந்த புக்க நான் படிக்கலடி, ஆனா ஸ்டோரி போட்டுட்டேன்."

கலிகாலம்.

ஜூன் 13, சனி

தேக்காவில் கவிதை நூல் வெளியீடு. பொன்னாடை ஒன்பது. பேசியவர்கள் ஆறு. படித்துவிட்டு வந்தவர் ஒருவருமில்லை. அட்டையின் நிறம் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசினார். வெட்கம் மானம் கிடையாதா இந்த ஜனங்களுக்கு? மூடியது: மூன்றாவது பேச்சாளர். வடைக்காகத்தான் இருந்தேன். வடையும் நமுத்த வடை.

படிக்கட்டில் ஜமால் பாய். "கால் எப்படி இருக்கு மேடம்? கேள்விப்பட்டேன்."

"பரவாயில்ல பாய். கடை எப்படிப் போகுது?"

கடை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். தோல் தடித்த மனிதர்.

ஜூன் 17, புதன்

அரை நாள் லீவு. மூன்று மணியிலிருந்து நூலகம், புத்தகம் திருப்பும் இயந்திரத்துக்கு எதிரே, சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால். என் வாசகரைப் பார்த்தே தீர வேண்டும். முகத்தை மட்டும். பேசமாட்டேன். பேசினால் இரண்டு வார்த்தை.

நாலேகாலுக்குத் துணிப்பையுடன் ஜமால் பாய். பைக்குள்ளிருந்து என் நாவல்.

கையிலிருந்த கேக் புத்தகம் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்துவிட்டார்.

"நீங்க எதுக்கு பாய் இத எடுத்தீங்க?"

"போன மாசம் உங்க புக்கு அசையவே இல்ல மேடம். மாசா மாசம் ஒரு தடவை இடம் காலியாகும், பாத்திருக்கேன். கால் ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். சரி, இந்தத் தடவை நாம எடுத்து வைப்போம்னு."

எனக்குக் காது சுட்டது. "மாசா மாசம் எடுக்கிறது நான்தான்னு..."

"வேற யாரு மேடம் எடுப்பா? என்னுதையும் நான்தான் எடுக்கிறேன், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை." தாழ்ந்த குரலில்தான் சொன்னார். நூலகம் இல்லையா. "பக்கத்துல இருக்கிறது போயிட்டா நம்மது சாஞ்சிடும் லா."

படித்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. அவர் நாவலை எடுத்து என் வீட்டுக்காரர் கார்டில் பதிந்துகொண்டேன். "இந்த மாசம் உங்களுது நான் எடுக்கிறேன்." என்னுடையதை அவரே மறுபடி எடுத்துக்கொண்டார்.

வாசகராம் வாசகர்.

ஜூன் 20, சனி

பாயின் புத்தகம் மேசைமேல். தொடவில்லை.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். எட்டு வருடம் முன்பு மேடையில் பேசியபோது அதை நான் படித்திருக்கவில்லை. பின்னட்டை மட்டும். அதுவும் டாக்ஸியில்.

இவரிடம் சொன்னேன். பத்து நிமிடம் விடாமல் சிரித்தார். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி."

இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும். அப்பளம் கூடக் கிடையாது.

ஜூன் 27, சனி

கடன் கழியட்டும் என்று காலையில் திறந்தேன். பத்துப் பக்கம், அவ்வளவுதான் என்று. எழுத்துப்பிழை எக்கச்சக்கம். இரண்டு இடத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பக்கம் 88. கண்ணாடிக் கடைக்காரன் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவன், ஒரு நாள் மனைவியை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறான். முப்பது வருடத்தில் அவள் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எந்தக் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியவில்லை என்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிகிறது. எழுந்து போகச் சொல்லாமல் அடுத்த கண்ணாடியை மாட்டுகிறான்.

பென்சில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மதியம் சமைக்கவில்லை. இவர் பிரியாணி வாங்கி வந்தார். இவர் கண்ணைப் பார்த்தேன். "என்ன ஜானு, சளியா?" என்றார்.

மூடியது: கடைசிப் பக்கம். இந்த வருடத்தில் முதல் முறை.

நன்றாக இருக்கிறது. பாவி மனிதர்.

ஜூன் 30, செவ்வாய்

வெயில். மதிய இடைவேளையில் கடைக்கு போன் போட்டேன்.

"பாய், உங்க நாவலை முடிச்சிட்டேன். எட்டு வருஷம் முன்னாடி படிக்காமலே பேசிட்டேன். தப்பு என்னுதுதான்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு வாடிக்கையாளர் ஃபிரேம் விலை கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "படிக்கலன்னு அன்னிக்கே தெரியும் மேடம். முடிச்சிட்டேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "என்னுது?"

"பொய் சொல்ல மாட்டேன் மேடம். மூணு தடவை ஆரம்பிச்சேன். பதினேழாம் பக்கத்தைத் தாண்ட முடியல."

வீட்டுக்கு வந்து கட்டிலடிப் பெட்டியிலிருந்து என் நாவலில் ஒரு பிரதியை எடுத்தேன். பன்னிரண்டு வருடமாக எடுத்து எடுத்துத் திருப்புகிறேன். ஒரு தடவையும் திறந்ததில்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் படிக்கிற கண்ணோடு உட்கார்ந்தேன்.

செம்பவாங் கடலில் சூரியன் மறைகிறது. பக்கம் 14-இல் மறைய ஆரம்பிக்கிறது. 15-இல் மறைகிறது. 16-இல் இன்னும் மறைந்துகொண்டிருக்கிறது.

மூடியது: பக்கம் 17.