பைய திற

மே 18, ஞாயிறு

கால் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. மேலப்பாளையத்து வெயிலில் வெளியே விட முடியாத எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள்ளேயே புதையல் விளையாட்டு வைக்கிறேன் என்று நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எட்டுச் சீட்டில் துப்பு எழுதி ஒளித்து வைத்தேன். ஏழு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று.

எட்டாவதில் எழுதியது இது: ‘துணியெல்லாம் தூங்குற இடம். பைய திற.’ நான் சொன்னது பீரோவை. அதன் கதவு கழன்று நிற்கிறது, மெதுவாகத் திறக்காவிட்டால் காலில் விழும்; அதற்குத்தான் ‘பைய’ என்று எழுதினேன். மகள் நஸ்ரின் அதைப் பை என்று படித்திருக்கிறாள். நேரே போய் அவள் வாப்பாவின் பயணப் பையைத் திறந்துவிட்டாள்.

“உம்மா, பரிசக் காணோம். வாப்பா பேரு போட்ட துபாய் டிக்கெட்டுதான் இருக்கு. வியாழக்கிழமைக்கு.”

இனிமேல் போகவே மாட்டேன், இங்கேயே கடை வைக்கிறேன் என்று வந்தவர். போன வாரம்கூடக் கடைக்கு இடம் பார்க்கத்தான் போகிறேன் என்று கிளம்பினார்.

பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பீரோவிலிருந்த கலர் பென்சில்களைப் பங்கிட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போதுதான் அவரிடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உங்கிட்ட பைய சொல்லலாம்னு இருந்தேன்.”

வியாழனுக்கு இன்னும் நாலு நாள். பீரோக் கதவையாவது மாட்டிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும்.