அளம்பிலான் என்ற பெயரில் வந்த பதில்

என் உயிர் மச்சான் யூட்,

இத்தனை வருடத்தில் உனக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. எழுதினால் நீ செத்துவிட்டாய் என்று என் கையாலேயே எழுதியதாகிவிடும். உன் அம்மாவிடம் மறைத்ததும் வெளியில் வந்துவிடும். இப்போது அவாவுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் இருந்து வாசிக்கிறவர்களும் வாசிக்கட்டும். ஒளித்தது போதும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். எங்கள் விளையாட்டு திரும்ப வந்திருக்கிறது. தர்மபுரத்துக் கொம்பியூட்டர் வகுப்பில், ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணித்தியாலமும் ஒரு கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்து விளையாடினோமே, வாளும் மந்திரமும் மலையும் குகையுமாக, அதேதான். அதைச் செய்த கம்பனிக்காரர்கள் படத்தையெல்லாம் புதிதாகக் கீறி, பாட்டை மட்டும் பழையபடி விட்டு, மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். இப்போது புல் தனித்தனியாக அசைகிறது. தண்ணீருக்குள் முகம் தெரிகிறது. உனக்கு நம்பிக்கை வராது.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கடல் உன் அப்பாவையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோன பிறகு, நீயும், நான் அன்ரி என்று கூப்பிடுகிற உன் அம்மாவும் கடற்கரை ஊரான அளம்பிலை விட்டு தர்மபுரத்துக்கு வந்து எங்கள் பக்கத்து வளவில் கொட்டில் போட்டீர்கள். நான் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரன். பதின்மூன்று வயதுவரை கடலைக் காணாதவன். நீ கடற்கரை வேதக்காரப் பொடியன். எனக்குக் கடலை முதன்முதலில் காட்டியது நீ. அதுவும் அந்தத் திரைக்குள்தான்.

மற்றப் பொடியன்கள் அரக்கர்களைக் கொல்லப் போவார்கள். நீ நேரே கரைக்குப் போவாய். கட்டியிருக்கும் வள்ளங்களில் ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்பாய். ஒன்றும் அசையாது. "இவ்வளவு பெரிய கடலைக் கீறி வைச்சிருக்கிறாங்கள், ஒரு வள்ளத்தை ஓட விடேல்லையே" என்று ஏசுவாய். உன் ஆளுக்கு நீ வைத்த பெயர் அளம்பிலான். ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாய். மேற்கு மலைக்குப் போகிற வழியில் இருந்த ஆற்றை நாங்கள் கடக்க முன்னமே சண்டை திரும்பத் தொடங்கியது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. வகுப்பைப் பூட்டினார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் உன்னை இயக்கக்காரர் சண்டைக்கு என்று வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அன்ரி ஒற்றைச் செருப்போடு அந்த வாகனத்துக்குப் பின்னால் சந்திவரை ஓடினா. அவா உன்னைக் கடைசியாகக் கண்டது அதுதான்.

நான் இப்போது முல்லைத்தீவு ரவுணில் போனும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். அன்ரி அளம்பிலுக்கே திரும்பிவிட்டா. நண்டு வலை துப்பரவாக்குகிற வேலை. வேலை இல்லாத நாளில், காணாமல் போனவர்களின் அம்மாமார் இருக்கிற பந்தலுக்கு உன் படத்தோடு போவா. வருகிற வழியில் என் கடைக்குள் வந்து தண்ணீர் குடிப்பா. ஒவ்வொரு முறையும், "யூட்டைப் பற்றி ஏதும் கதை வந்ததோ தம்பி?" என்று கேட்பா. "இல்லை அன்ரி" என்பேன். பதினாறு வருடமாக அதே பதில்தான்.

விளையாட்டு வந்த கிழமை, அதன் விளம்பரப் படத்தைக் கடையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அன்ரி நின்றுவிட்டா. திரை அவாவின் பக்கம் இல்லை. பாட்டைத்தான் கேட்டிருக்கிறா.

"இது அவன்ர பாட்டெல்லோ?" என்றா. "வகுப்புக்கை இருந்து அவனைக் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வரேக்கை இதுதானே பாடும்."

உள்ளே வந்து கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்தா. இது திரும்ப வந்திருக்கிறது, உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அப்ப அவனும் கண்டிருப்பான் என்ன? எங்கையாவது இருந்து கண்டிருப்பான். விளையாடுற ஆக்களின்ர பேரை எடுக்கலாமோ தம்பி?"

விளையாட்டின் இணையப் பக்கத்தில் கருத்து எழுதுகிறவர்களின் பெயர்களைப் பார்க்கலாம். தேடிப் பார்த்து இல்லையென்று காட்டினால் அன்ரியின் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அவாவின் கண் முன்னாலேயே உன் விளையாட்டுப் பெயரை அடித்தேன்.

அளம்பிலான் இருந்தான், மச்சான்.

அதே எழுத்துகள். "எத்தனை வருடம் காத்திருந்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அன்ரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. உன்னை இந்தக் கையால் மண் போட்டு மூடியவன் நான். ஒரு கணம், ஒரேயொரு கணம், நான் மூடியது வேறு ஆரையோ என்று நினைத்தேன். பதினாறு வருடம் அன்ரிக்கு உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது.

"பேர் போடாதை. அவன் ஒளிச்சிருந்தாலும் இருப்பான்" என்று சொல்லி, அன்ரியே வசனம் சொல்லித் தந்தா. உன்னை இங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள், நீ ஆர் என்று மட்டும் எழுது என்று அனுப்பினேன்.

பதில் வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவா காலையிலேயே வந்து கடை திறக்கும்வரை படியில் இருந்தா. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூசைக்குப் போகிற சேலை உடுத்து வந்தா.

வந்த பதிலைச் சத்தமாக வாசித்தேன். "நான் நீங்கள் தேடுற ஆளாய் இருக்க ஏலாது. எனக்கு நாப்பத்தாறு வயது. பிறந்தது அளம்பில். இப்ப நோர்வேயிலை மீன் பக்ரறியிலை வேலை. என்ர தம்பி கடைசிச் சண்டையிலை காணாமல் போனவன். உங்கட மெசேச் வந்த உடனை அவன்தான் என்னைத் தேடி எழுதிறான் எண்டு நினைச்சன். பதில் எழுதக் கை வரேல்லை. எழுதினா அவன் இல்லை எண்டு தெரிஞ்சிடும் எண்ட பயம். குறை நினைக்காதேங்கோ."

அன்ரி அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "பாவம் அந்தப் பிள்ளை. அவரின்ர தம்பியின்ர பேரைக் கேட்டு எழுது. நான் பந்தலிலை விசாரிக்கிறன்" என்றா. பிறகு, "எங்கட ஆள் இன்னும் காணேல்லைப் போல. கண்டா எழுதுவான். நீ ஒவ்வொரு நாளும் பார்" என்றா.

பார்த்தேன். ஒவ்வொரு நாளும், அவா பக்கத்தில் இருக்க, இல்லாத உன்னைத் தேடினேன். இரண்டு கிழமை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, மச்சான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு அளம்பிலுக்குப் போனேன். அன்ரி முற்றத்தில் வலைக்குள் சிக்கிய நண்டுக்கால்களை உடைத்து எடுத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். நீ தப்பி ஓடிவந்ததை. முள்ளிவாய்க்காலில் நானும் அப்பாவும் வெட்டியிருந்த பங்கருக்குள், கட்டையாக வெட்டின தலைமயிரோடு ஒரு விடியப்புறம் வந்து விழுந்ததை. உன்னைத் தேடுகிறவர்கள் முதலில் அம்மாவிடம்தான் போவார்கள் என்று பயந்து, அவாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டதை. ஆறாம் நாள் காலையில் செல் வந்து விழுந்து வெடித்ததை. அந்தப் பங்கரிலேயே உன்னை வைத்து மூடிவிட்டு நாங்கள் நடந்ததை. அப்பா முகாமில் செத்த பிறகு இதை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை.

அவாவின் கை நிற்கவில்லை. உடைத்துக்கொண்டே இருந்தா.

"ஆறு நாளோ?"

"ஓம் அன்ரி."

"நானும் அங்கைதானே இருந்தனான்."

"ஓம்."

"முகாமிலை கண்டு உன்னைக் கேட்டனான். காலிலை விழாத குறையாய்க் கேட்டனான். இல்லை எண்டு சொன்னனியெல்லோ?"

நான் எழும்பினேன். "போ. என்ர முற்றத்திலை நிக்காதை" என்றா. சத்தம் போடவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் அவா கடைப்பக்கம் வரவில்லை. பந்தலுக்குப் போகிறா என்று மட்டும் கேள்விப்பட்டேன். அந்த நாள்களில் வேலை ஓடவில்லை. விளையாட்டைப் போட்டு, உன் பெயரில் ஓர் ஆளைச் செய்து, நாங்கள் நின்றுபோன அந்த ஆற்றடிக்குப் போவேன். கடக்க மனம் வராது. திரும்பிவிடுவேன். நாங்கள் பங்கருக்குள் கிடந்த நாள்களில் அந்த ஆற்றை எங்கே கடக்கலாம் என்றுதானே ஓயாமல் கதைத்தாய்? அதைவிட வேறு எதைத்தான் கதைப்பது?

பிறகு ஒரு மத்தியானம் அன்ரி வந்தா. மெலிந்திருந்தா. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, "அவன் விளையாடினதைக் காட்டு" என்றா.

காட்டினேன். அந்த ஊர், சந்தை, கரை, அசையாத வள்ளங்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டா:

"என்னைப் பாக்கவேணும் எண்டு கேட்டவனோ?"

இதை அன்று முற்றத்தில் நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், எதைச் சொல்லவில்லை என்று. பதினாறு வருடம் என் வாயைக் கட்டியிருந்தது உன் சாவு இல்லை, இதுதான்.

"கேட்டவன் அன்ரி. அஞ்சாம் நாள். தூரத்திலை நிண்டெண்டாலும் ஒருக்கா அம்மாவைப் பாத்திட்டு வாறன் எண்டவன். நான்தான் கையிலை பிடிச்சு இருத்தினனான். இண்டைக்குச் செல் கனக்க விழுது, நாளைக்குப் போவம் எண்டு."

அவா என் முகத்தைப் பார்த்தா. அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "உனக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டா. பதினேழு என்றேன். பிறகு, "இடத்தைக் காட்டு" என்றா.

போன ஞாயிறு முள்ளிவாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில். பங்கர் இருந்த இடத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, யூட். நிலத்தை மட்டமாக்கி விட்டிருக்கிறார்கள். பற்றை வளர்ந்திருக்கிறது. ஒரு பனையை அடையாளம் வைத்திருந்தேன், அதுவும் இல்லை. இங்கேயா, அங்கேயா என்று நான் அலைந்ததைப் பார்த்துவிட்டு, "போதும் தம்பி. இதிலை எங்கை நிண்டாலும் ஆரின்ரையோ பிள்ளைக்கு மேலைதான் நிப்பம்" என்றா. நின்ற இடத்திலேயே முழந்தாளிட்டு மெழுகுதிரியை ஊன்றினா. காற்றுக்கு அது நிற்கவில்லை. கையால் பொத்தி வைத்துக்கொண்டு செபம் சொன்னா.

அந்தச் சண்டை நாள்களில் தன் தறப்பாள் கொட்டில் நின்ற இடம் அவாவுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருந்த உடைந்த கிணற்றுக்கட்டு இன்னும் இருக்கிறது. செபம் முடிந்ததும் எழும்பி அதை நோக்கி நடக்கத் தொடங்கினா. நான் பின்னால் போனேன். அவா ஓடவில்லை, ஆறுதலாகத்தான் நடந்தா. மணலில் செருப்பு புதைய, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தா. கிணற்றடியில் நின்று, வந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தா.

"கிட்டத்தான்" என்றா.

செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தா.

உன் பெயரைக் கார்த்திகை மாதத்து இறந்தோர் பூசைக்கு ஃபாதரிடம் கொடுத்திருக்கிறா. பந்தலுக்கும் போகிறா. ஏன் என்று நான் கேட்கவில்லை. நோர்வேக்காரரின் தம்பி பெயரை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனா.

மச்சான், உனக்கு ஒன்று சொல்கிறேன். அவா கேட்கிற எதற்கும் இனி என் வாயில் பொய் வராது. அவா முற்றத்தில் நிற்கவிட்டால் நிற்பேன், விடாவிட்டால் வேலிக்கு வெளியில் நிற்பேன். அவாவுக்கு ஏலாமல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோவேன். அவா போகிற நாளில், பெட்டியின் முன்பக்கம் உன் தோள் இருக்கவேண்டிய இடத்தில் என் தோள் இருக்கும். கோயிலிலிருந்து சேமக்காலைவரை ஆரிடமும் மாற்றிக் கொடுக்கமாட்டேன்.

உன்னைக் கையில் பிடித்து இருத்திய
உன் மச்சான்,
சசி