திரை என்று பெயர் வைத்ததற்கு

அன்புள்ள அனுப்பிரியா கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறந்த பாப்பா கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நாற்பது நாளும் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக நுரைத்து நுரைத்து வந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்து, அலைக்கு இன்னொரு பேரான திரை என்பதையே பெயராக வைத்தாய். அதைக் கேட்டதிலிருந்து உன் மாமனார் ஒரு மாதமாக உன்னோடு பேசவில்லை. தப்பான பேரா அப்பா என்று நீ கேட்டதும் அகராதியைப் பார்த்தேன். திரைதல் என்றால் சுருளுதல், மடிப்பு விழுதல். கம்பெனியில் பனியன் துணியை வெட்டி வைத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், அலையும் அப்படித்தானே சுருண்டு மடிந்து நுரையாக உடைகிறது, அதனால் அந்தப் பேர் வந்திருக்கும் போல. பால் திரைந்தது என்பதும் அந்தச் சொல்தான். நரை திரை என்கிறோமே, வயதானவர் தோலில் விழும் சுருக்கம், அதுவும் அதேதான்.

புதன்கிழமை பல்லடம் போனேன். சம்பந்தி என்னைக் கண்டதும் தறியை நிறுத்தினார், காபி வரவழைத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. நான் அலை என்று ஆரம்பித்ததுமே, "அலையெல்லாம் சரிங்க சம்பந்தி, பொறந்த கொழந்தைக்கு ஆராச்சும் தோல் சுருக்கம்னு பேரு வெப்பாங்களா? ஏழு மாசத்துல பொறந்த உசுருங்க, எனக்கு மனசு அடிச்சுக்குதுங்க" என்றார். நாம் கோபம் என்று நினைத்தது கோபமில்லை கண்ணு, பயம். படித்துக்கொண்டு போன விளக்கமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "தோல் சுருங்கறதுக்கு நூறு வயசு இருக்கோணுமுங்க, அந்தப் பாக்கியம் நம்ம பாப்பாவுக்குக் கெடைக்கட்டுமுங்க" என்று மட்டும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பஸ் ஏற்றிவிட வந்தவர், நான் படியில் கால் வைக்கும்போது, "ஏனுங்க, திரை இப்ப எத்தன கிலோ இருக்குதுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், ஆனாலும் தெரியலீங்க, மருமககிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அவர் போன் பண்ணினால் பழையதைக் கிளறாதே, எடையைச் சொல். அம்மா தேங்காய் எண்ணெய் அனுப்பியிருக்கிறாள், சூடு பண்ணித் தேய். மூவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு
அப்பா லிங்கசாமி
அனுப்பர்பாளையம்