பெனால்டி அடித்த கோல்கீப்பர்

14 நவம்பர் 2006, செவ்வாய்

வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த செர்கேய், ரஷ்யாவிலுள்ள தன் சிற்றூர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எழுதுகிறான். கிண்ணம் வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தது யாரென்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களாம். அணியின் கப்டன் அடித்ததாகவே எழுதப்போகிறான்.

அடித்தது கோல்கீப்பர். பெனால்டிக்காக மைதானத்தின் மறுகோடிவரை ஓடி வந்தார். நான் பார்த்தேன். லண்டனுக்குக் கள்ளமாக அனுப்புமுன் ஏஜென்சிக்காரன் எங்களை அந்த ஊரில்தான் ஒரு கோடை முழுக்க வைத்திருந்தான். ஆனால் கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்றுதான் அகதி விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறேன்.

மனைவியிடம் சொன்னேன். “வாயைத் திறந்துபோடாதேங்கோ. கேஸ் இன்னும் முடியேல்லை,” என்றாள்.

நான் எங்கே திறந்தேன்? உனக்கு உதைபந்தாட்டம் பிடிக்குமா என்று செர்கேய் கேட்டபோதே, கிரிக்கெட் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.