ஸ்டேஷன் மேசையில் எடுத்த போட்டோ

அன்பு மகன் ரெனிஷுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மையும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் ஒன்றைப் போட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது, அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கும் ஊருக்குத் திரும்பி வருகிற எபிசன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

பெரியப்பா வீட்டில் துப்பாக்கி திருட்டுப் போனதை அம்மை சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து பின்கதவை உடைத்திருக்கிறார்கள், வேறு எதையும் தொடவில்லை. எதனால் நடந்தது என்று அம்மைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தாத்தா இறந்தபோது மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று ஒப்பம் போட்டால்தான் துப்பாக்கி ஒருத்தர் பேருக்கு மாறும் என்றார்கள், நான் போட்டேன், அது உன் பெரியப்பா பேருக்குப் போனது. அன்று முதல் யாருடைய மரச்சீனிக் கிழங்கு விளையில் காட்டுப்பன்னி இறங்கினாலும் ஏசுஅடிமை அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்துவிட்டு வருவார், அதற்கு ஊரே எழுந்து நிற்கும். நானும் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தானே, வயிறு எரியும், மறைப்பானேன்.

தேர்தலுக்காக ஸ்டேஷனில் வாங்கி வைத்த துப்பாக்கிகளைப் போன மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு பைக் ஓட்ட வராது, நான்தான் கூட்டிப் போனேன். மேசையில் லைசென்ஸ்காரர்களின் பட்டியல் விரிந்து கிடந்தது. பேர், வீட்டு நம்பர், போன் நம்பர், என்ன துப்பாக்கி, எல்லாம் உண்டு. அண்ணன் பேருக்கு நேரே கடைசிக் கட்டத்தில், லைசென்ஸைத் தம்பி மகன் ரெனிஷ் பேருக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்திருப்பதாகவும், உன் ஆதாரும் சம்மதக் கடிதமும் இணைத்திருப்பதாகவும் எழுதியிருந்தது. அதை ரெண்டு தடவை வாசித்தேன் மக்கா. நான் ஒரு போட்டோ கேட்டால் அனுப்ப ரெண்டு வாரம் எடுக்கிற நீ, பெரியப்பாவுக்கு ஆதாரும் சம்மதக் கடிதமும் அனுப்பியிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கியைத்தான் எடுத்துக்கொண்டார், மகனையுமா என்று வந்தது. போலீஸ்காரர் உள்ளே போன நேரம் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பிபின் மாமாவுக்கு அனுப்பி, பாரு அண்ணன் செய்த வேலையை என்று எழுதினேன். அவன் குடும்ப குரூப்பில் போட்டான், அங்கிருந்து சபை குரூப், ரப்பர் கடைக்காரர்கள் குரூப் என்று மூன்று நாளில் திருவட்டாறு, குழித்துறை எல்லாம் பார்த்துவிட்டது. ஏழு வீட்டு விவரம் அதில் இருந்தது. அழிக்கச் சொன்னேன், யார் யார் போனில் போய் அழிப்பது. அரசாங்கம் கேட்டதென்று அவர்கள் நம்பிக் கொடுத்ததை நான் ஊருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக் கதவு உடைந்தது.

இப்போது படம் எடுத்தது யார் என்று தேடுகிறார்கள். பட்டியலை மேசையில் விட்டுப்போன போலீஸ்காரருக்கு வேலை போகும் என்கிறார்கள், பாவம் பிள்ளைகுட்டிக்காரர். பிபின் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நேற்று அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், நான்தான் பைக்கில் கொண்டு போனேன், அன்றைக்கு உம்முடன் யார் வந்தது என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். எனக்க தம்பியாக்கும் வந்தான், அவனெ நான் தூக்கி வளத்தேன், அவனெ விட்டிருங்க சாரே என்றார் அண்ணன். நான் பக்கத்தில் குனிந்து நின்றேன். திரும்பும் வழியில் பொறுக்காமல், ரெனிஷ் பேருக்கு எழுதியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒங்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லிருவ, ஒனக்க ரோஷம் எனக்குத் தெரியாதாலே, மோனுக்க பேரில கெடந்தா தோக்கு ஒனக்க வீட்டுலதானே இருக்கும், அவன் லீவுக்கு வந்த பொறவு சொல்லலாம்னு நான்தான் அவனெயும் மிண்டாம இருக்கச் சொன்னேன் என்றார். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு வண்டி ஓடவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டேன். பெட்ரோல் தீர்ந்துதா என்று கேட்டார்.

இதை எபிசனிடம் கொடுத்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அவரிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனிலும் சொல்லப் போகிறேன், என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் பேரும் அந்தத் தாளில் இருப்பதால் விசாரணை என்று யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லு, எனக்காக ஒன்றையும் மறைக்காதே. அம்மை ஏத்தங்காய் வறுத்து உப்பேரி கொடுத்திருக்கிறாள், நமத்துப் போகுமுன் தின்றுவிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பெரியப்பா உன்னிடம் என்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவார், அதுதான் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை. இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லு. ஆனால் முதலில் என்னைக் கூப்பிடு மக்கா, ஏசுவதற்கானாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவகுமார்